அவையில் நிற்கப் பழகுதல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கும்பகோணத்திலிருந்து என் அக்கா மகள் அழைத்தாள். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் அவள், வழக்கமான நலம் விசாரிப்பைக்கூட முடிக்காமல், "சித்தி, திருச்சியில ஒரு அழகிப் போட்டிக்கு ஆடிஷன் வச்சிருக்காங்க, நான் போகட்டுமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவள் கையிலிருந்து போனை வாங்கிவிட்டாள். "எல்லாம் உன்னைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். நாலு பேரு மேலயும் கீழயும் பார்த்து மார்க் போடுறதுக்கா இவளைப் பெத்து வளர்த்தேன்?" என்றாள். அக்காவின் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகளின் ஆசையில் தவறு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவு இருவருக்கும் சொல்ல முடியாமல் போனதை நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், சைப்ரஸ் நாட்டின் தலைநகரான நிகோசியாவில் நடந்த மிஸ் யுனிவர்ஸ் போட்டியில் லாரா தத்தா வென்றார். இறுதிச் சுற்றில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி எளிதானதன்று. இந்தப் போட்டி பெண்களை அவமதிக்கிறது என்று சொல்லி அரங்கத்துக்கு வெளியே இப்போது ஒரு போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அவர்கள் நினைப்பது தவறு என்று அவர்களை ஏற்கச் செய்யுங்கள் என்றார்கள். தொழில்முனைவு, ராணுவம், அரசியல் என்று தாங்கள் விரும்பும் எந்தத் துறையிலும் இளம்பெண்கள் அடியெடுத்து வைக்க இத்தகைய போட்டிகள் ஒரு மேடையைத் தருகின்றன, எங்கள் தேர்வுகளையும் கருத்துகளையும் உரக்கச் சொல்ல இடமளிக்கின்றன, எங்களை வலிமையுள்ளவர்களாகவும் சுதந்திரமானவர்களாகவும் ஆக்குகின்றன என்ற பொருளில் அவர் தடுமாறாமல் பதில் சொன்னார்.

தொலைக்காட்சிச் செய்தியில் அந்தக் காட்சியைப் பார்த்த எனக்கு அவர் சொன்ன ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு பெரிய அரங்கமே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது நன்றாகப் புரிந்தது. எங்கள் வீட்டில் அப்படி நடந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அன்பானவர்கள்தாம். இருந்தாலும் எங்கே போகிறாய், எப்போது வருவாய், யாருடன் போகிறாய் என்பவைதான் பெண்பிள்ளைகளாகிய எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள். நீ என்ன நினைக்கிறாய் என்று அக்காவையோ என்னையோ யாரும் கேட்டதாக நினைவில்லை. அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் திருமணம் நிச்சயமானபோதுகூட அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

அழகிப் போட்டிகளால் இளம்பெண்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களிடம் கிரீடத்தையும் சினிமா வாய்ப்பையும் நான் முதலில் சொல்வதில்லை. அவை ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ கிடைப்பவை. பலர் முன்னிலையில் ஒரு பெண்ணிடம் அவளுடைய கருத்து கேட்கப்படுகிறது என்பதையும், கேட்கப்படும் என்று தெரிந்ததனால் அவள் பல மாதங்கள் தனக்கென ஒரு கருத்தைத் தேடி உருவாக்கிக்கொள்கிறாள் என்பதையும்தான் சொல்வேன். போட்டியில் தோற்ற பெண்ணிடமும் அது தங்கிவிடுகிறது. என்னிடமும் தங்கியிருக்கிறது.

2006ஆம் ஆண்டு, இளங்கலை மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்த நகர அளவிலான போட்டியில் நான் கலந்துகொண்டேன். இறுதிச் சுற்றுக்கு இருபத்து நான்கு பேர் தேர்வாகியிருந்தோம். தயாரிப்பு என்று எனக்கு வாய்த்தது விடுதி மொட்டைமாடிதான். தோழியிடம் இரவல் வாங்கிய ஹீல்ஸை மாட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் இடையே மாலை வேளைகளில் நடந்து பழகினேன். முதல் வாரம் கணுக்கால் வீங்கியது. மூன்றாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். தலையை நிமிர்த்தி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, எதிரே ஒரு புள்ளியைப் பார்த்து நடப்பது எனக்கு அதுவரை தெரியாத ஒன்றாக இருந்தது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, சாலையோரமாக ஒதுங்கி நடக்கவே நான் பழகியிருந்தேன். கேட்வாக் என்பதை வெறும் பகட்டு என்று சொல்பவர்களை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உடம்பில் ஏறிவிட்ட கூச்சத்தை நடந்து நடந்துதான் என்னால் இறக்க முடிந்தது.

அதைவிடப் பெரிய வேலை கேள்விச் சுற்றுக்காகச் செய்தது. விடுதி வாசிப்பறையில் தமிழ் நாளிதழ் ஒன்றும் ஆங்கில நாளிதழ் ஒன்றும் வரும். இரண்டு மாதம் அவற்றின் தலையங்கங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் நான் உடன்படுகிறேனா மாறுபடுகிறேனா என்று ஒரு நோட்டில் நான்கு வரி எழுதினேன். தேர்வுக்குப் படித்த பழக்கத்தில், முதலில் தலையங்கம் சொன்னதையே சுருக்கி எழுதிக்கொண்டிருந்தேன். விடுதியில் எனக்கு மூத்தவரான முதுகலை மாணவி ஒருவர் அந்த நோட்டைப் படித்துவிட்டு, "இதுல நீ எங்க இருக்க?" என்று கேட்டார். என் படிப்பு முழுவதிலும் அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

போட்டியன்று, உங்கள் ஊரில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார்கள். பதில் சொல்ல முப்பது விநாடி. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை இல்லை என்பதையும், அதனாலேயே என் அம்மா வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார் என்பதையும் சொன்னேன். இடையில் ஒரு முறை குரல் உடைந்து, ஒரு வார்த்தை வராமல் நின்றது. அரங்கில் சிலர் நெளிந்தார்கள். அழகிப் போட்டி மேடையில் கழிப்பறையைப் பற்றி யாரும் எதிர்பார்க்கவில்லை. நடுவர்களில் ஒரு பெண்மணி மட்டும் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு அறிவித்தபோது முதல் ஐந்து பேரில் என் பெயர் இல்லை.

அன்று எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு வேலைக்கான நேர்காணலில், ஐந்து ஆண்கள் வரிசையாக அமர்ந்திருந்த மேசைக்கு எதிரே நான் தனியாக உட்கார்ந்தபோது, எனக்குக் கை நடுங்கவில்லை. முந்நூறு பேர் முன்னால் குரல் உடைந்து, அதற்குப் பிறகும் பேசி முடித்த ஒருத்திக்கு ஐந்து பேர் பெரிதாகத் தெரியவில்லை. இன்று ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். நம் மாவட்டங்களிலிருந்து வரும் பெண்பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் பார்க்கிறேன். பாடத்தில் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு இதில் என்ன தோன்றுகிறது என்று கேட்டால் கண் தரைக்குப் போய்விடுகிறது; தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் சரியானதையும் விழுங்கிவிடுகிறார்கள். பக்கத்து இருக்கையில் அவர்களைவிடக் குறைவாகத் தெரிந்த பையன் தயக்கமில்லாமல் பேசி வேலையை வாங்கிக்கொண்டு போகிறான். இதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தவறாகச் சொல்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரா வென்ற அதே 2000ஆம் ஆண்டின் நவம்பரில், லண்டனில் நடந்த மிஸ் வேர்ல்டு போட்டியில், இன்று உயிரோடிருக்கும் பெண்களில் வெற்றிகரமானவராக யாரைக் கருதுகிறீர்கள் என்று பிரியங்கா சோப்ராவிடம் கேட்டார்கள். அவர் அன்னை தெரசா என்றார். அன்னை தெரசா 1997இலேயே மறைந்துவிட்டார். ஆயினும் அன்று கிரீடம் பிரியங்காவுக்குத்தான் கிடைத்தது. அது நியாயமா என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பொருள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி உலகமே பார்க்கும்போது ஒரு பிழையைச் செய்தாள், பூமி பிளக்கவில்லை, அதற்குப் பிறகும் அவள் தொடர்ந்து பேசினாள், வேலை செய்தாள், வளர்ந்தாள். ஒரு பிழை செய்தால் வாழ்க்கை முடிந்துவிடும் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது அரிய பாடம்.

தோல்வியின் பாடத்தை நேரடியாகச் சொன்னவர் நம் திருச்சிப் பெண். 2018இல் ஃபெமினா மிஸ் இந்தியா பட்டம் வென்ற அனுகீர்த்தி வாஸ் திருச்சியில், தனித்து நின்று பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தாயிடம் வளர்ந்தவர். சென்னை லயோலாவில் பிரெஞ்சு இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். எது சிறந்த ஆசிரியர், வெற்றியா தோல்வியா என்ற இறுதிக் கேள்விக்கு அவர் தோல்வி என்றே பதில் சொன்னார். வென்றுகொண்டே இருந்தால் மனம் அதில் திருப்தியடைந்து நின்றுவிடும், தொடர்ந்து தோற்கும்போதுதான் எட்டும்வரை உழைக்கிற உந்துதல் வருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். அதே ஆண்டின் இறுதியில் சீனாவின் சான்யா நகரில் நடந்த மிஸ் வேர்ல்டு போட்டியில் அவர் முதல் முப்பதில் இடம்பெற்று, கிரீடமின்றித் திரும்பினார். தான் சொன்ன பதிலை அவரே சில மாதங்களில் வாழ்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

பணம் இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று அக்கா சொன்னாள். பெருமளவுக்கு அது உண்மை; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் 1994ஆம் ஆண்டு மிஸ் இந்தியா போட்டிக்கு சுஷ்மிதா சென் எப்படிப் போனார் என்பதை அவளிடம் சொன்னேன். வடிவமைப்பாளர்களின் உடை வாங்க வசதியில்லாததால், டெல்லியின் சரோஜினி நகர்ச் சந்தையில் துணி எடுத்து, வீட்டுக்குக் கீழே உள்பாவாடை தைத்துக்கொண்டிருந்த ஒரு தையற்காரரிடம் கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சத் துணியில் அம்மா பூ செய்து ஒட்டினார். கையுறை இல்லாததால் புதிதாக வாங்கிய கறுப்புக் காலுறையை வெட்டி, அதையே கையுறையாக மாட்டிக்கொண்டு மேடையேறினார். அந்த மேடையில் ஐஸ்வர்யா ராயும் அவரும் சமமான மதிப்பெண் பெற்று நின்றபோது, வெற்றியைத் தீர்மானித்தது ஒரு கேள்வி. நம் நாட்டின் நெசவு மரபைப் பற்றி என்ன தெரியும் என்று சுஷ்மிதாவைக் கேட்டார்கள். அவர் காந்தியின் கதரிலிருந்து பேச்சைத் தொடங்கினார். நம் நெசவு அதைவிட எத்தனையோ நூற்றாண்டு மூத்தது என்று நெசவாளர்கள் நிறைந்த ஊரில் பிறந்த எனக்கு மறுக்கத் தோன்றும். இருந்தாலும் சந்தைத் துணி உடுத்தி நின்ற பெண் துணியைப் பற்றிப் பேசி அன்று வென்றதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. அவ்வாண்டு மே மாதம் மணிலாவில் மிஸ் யுனிவர்ஸ் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். ஐஸ்வர்யா ராய் அதே ஆண்டு மிஸ் வேர்ல்டு ஆனார்.

என் மனத்துக்கு எல்லாரையும்விட நெருக்கமானவர் ரீட்டா ஃபாரியா. 1966இல், மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கோவாக் குடும்பத்துப் பெண். லண்டனுக்குப் போகும்போது அவருடைய பெட்டியில் இருந்தவை பலவும் இரவல். கையில் மூன்று பவுண்டு. அவ்வாண்டு நவம்பரில் மிஸ் வேர்ல்டு பட்டம் வென்ற முதல் ஆசியப் பெண்ணானார். ஓராண்டு உலகம் சுற்றினார். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பாப் ஹோப்புடன் வியட்நாமுக்குப் போய், அங்கே போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களைச் சந்தித்தார். அதற்கு இந்தியாவில் கடும் கண்டனம் எழுந்தது. ஆண்டு முடிந்ததும் மாடலிங்கையும் சினிமாவையும் ஒதுக்கிவிட்டு மருத்துவப் படிப்புக்குத் திரும்பினார். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மேற்படிப்பு, 1971இல் மருத்துவர் ஒருவரோடு திருமணம், 1973இலிருந்து டப்ளினில் வாழ்வு. ஒரு பெண் கிரீடத்தை வாங்கி, அதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம் என்று அவர் காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. போட்டிக்குப் போன பெண் சினிமாவுக்குத்தான் போவாள், வேறெங்கும் போக மாட்டாள் என்று நினைக்கும் சொந்தக்காரர்களிடம் நான் எப்போதும் சொல்வது இந்த மருத்துவரின் கதையைத்தான்.

அமெரிக்காவில் போட்டிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு ஓர் அமைப்பாகவே உருவெடுத்தது. மிஸ் அமெரிக்கா போட்டி 1921இல் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில், கோடை விடுமுறை முடிந்த பிறகும் பயணிகளைத் தக்கவைத்துக்கொள்ளும் வியாபார உத்தியாகத் தொடங்கியது. தொடக்கத்தில் அதில் பெண்களுக்கென்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1945இல் முதன்முறையாக வெற்றியாளருக்குக் கல்வி உதவித்தொகை என்று 5,000 டாலர் அறிவித்தார்கள். அதை வென்றவர் பெஸ் மையர்சன். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் குடியேறிய யூதப் பெற்றோரின் மகள், இசை படித்தவர். பெயரில் யூத அடையாளம் தெரியாதபடி மாற்றிக்கொள்ளச் சொன்னபோது மறுத்தார். வென்ற பிறகு விளம்பரதாரர்கள் சிலர் அவர் யூதர் என்பதற்காகவே ஒதுங்கிக்கொண்டார்கள். நாஜிகளின் வதைமுகாம்களைப் பற்றிய செய்திகள் வெளிவந்துகொண்டிருந்த ஆண்டு அது. அவர் பட்டத்தோடு கிடைத்த மேடையை எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று இனவெறுப்புக்கு எதிராகப் பேசினார். 1969இல் நியூயார்க் நகரத்தின் முதல் நுகர்வோர் நலத் துறை ஆணையரானார். பிற்காலத்தில் அவர் வாழ்வில் சறுக்கல்களும் வந்தன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. இருபத்தொரு வயதில் பேசக் கற்றுக்கொண்ட பெண், நாற்பதுகளின் நடுவில் கடைக்காரர்களையும் நிறுவனங்களையும் நோக்கிக் கேள்வி கேட்கும் நாற்காலியில் அமர்ந்தார் என்பதைத்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. நான் மாநிறத்துக்கும் கீழே. என்னோடு போட்டியிட்டவர்களில் என்னைப் போன்ற நிறத்தில் வேறு யாரும் இல்லை. ஒப்பனை செய்த பெண் என் முகத்துக்கும் கழுத்துக்கும் வேறு வேறு நிறம் வரும்படி பூசிவிட்டுப் போனார். தோழி ஒருத்தி ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டாள். 2013 செப்டம்பரில், ஆந்திரப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நீனா தவுலூரி மிஸ் அமெரிக்கா பட்டம் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்திய வம்சாவளிப் பெண். மேடையில் பரதத்தையும் பாலிவுட் ஆட்டத்தையும் கலந்து ஆடினார். அன்றிரவே அவரை அரபுக்காரி, பயங்கரவாதி என்று இனவெறியோடு வசைபாடிப் பலர் ட்விட்டரில் எழுதினார்கள். நம்மவர்கள் அதைக் கண்டித்தார்கள். கண்டித்த கையோடு நம் நாட்டிலேயே வேறொரு பேச்சும் எழுந்தது. இவ்வளவு கறுப்பான பெண் இந்தியாவில் போட்டியிட்டிருந்தால் முதல் சுற்றைக்கூடத் தாண்டியிருக்க முடியாது என்று பலர் எழுதினார்கள். அவர்கள் எழுதியது உண்மை என்பதுதான் என்னைச் சுட்டது. அந்தப் பெண் இரண்டு பேச்சுகளுக்கும் தலைகுனியாமல் பதில் சொன்னார். பின்னாட்களில் நிறப் பாகுபாட்டுக்கு எதிராகவே தொடர்ந்து வேலை செய்கிறார். நம் மணமகள் தேவை விளம்பரங்களில் இன்றும் சிவந்த நிறம் என்று கேட்கிற ஊரில், மேடையேறி நிற்கிற ஒவ்வொரு கறுத்த பெண்ணும் கீழே அமர்ந்திருக்கிற பல சிறுமிகளுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறாள். 2019இல் குட்டையாக வெட்டிய தன் இயற்கையான சுருட்டை முடியோடு தென்னாப்பிரிக்காவின் சோசிபினி துன்சி மிஸ் யுனிவர்ஸ் ஆன நாளில், என்னிடம் அப்போது வேலை பழகிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அந்தப் படத்தைத் தன் மேசையில் ஒட்டிவைத்தாள்.

இனி அக்காவின் பக்கம். 1996இல் பெங்களூருவில் மிஸ் வேர்ல்டு நடந்தபோது எழுந்த எதிர்ப்பு எங்கள் வயதினருக்கு நன்றாக நினைவிருக்கும். மாதர் அமைப்புகளும் விவசாயிகளும் பண்பாட்டுக் காவலர்களும் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே வீதியில் நின்றார்கள். நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிரைவிட்டார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்பா நீண்ட நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததை அக்கா இன்றும் சொல்வாள். அவளுடைய மனத்தில் அழகிப் போட்டி என்றால் அந்த நெருப்புதான்.

பண்பாடு கெடுகிறது என்று சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெண்ணின் உடம்பை ஊரின் மானமாகப் பார்ப்பதும் அவளுக்கு மதிப்பெண் போடுகிற வேறொரு வழிதான். ஆனால் பெண்ணைச் சரக்காக்காதே என்று சொன்னவர்களுக்குப் போட்டியாளர்களாகிய நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். 1968இல் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா அரங்கத்துக்கு வெளியே பெண்கள் கூடி, இடுப்புக் கச்சையையும் குதிகால் செருப்பையும் ஒப்பனைப் பொருள்களையும் ஒரு குப்பைத்தொட்டியில் வீசினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2018இல், அதே போட்டி நீச்சலுடைச் சுற்றைக் கைவிட்டது. அடுத்த ஆண்டில் வென்ற கமில் ஷ்ரையர் திறமைச் சுற்றில் பாடவில்லை, ஆடவில்லை. ஆய்வகக் கோட்டு அணிந்துகொண்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு பிரிந்து நுரையாகப் பொங்குவதை மேடையில் செய்துகாட்டினார். மிஸ் யுனிவர்ஸ் போட்டியில் திருமணமானவர்களும் தாய்மார்களும் கலந்துகொள்ளலாம் என்ற விதி 2023இல் வந்தது. உச்ச வயது வரம்பு 2024இல் நீங்கியது. உள்ளே நின்ற பெண்கள் பெற்ற பலன்களில் ஒரு பகுதியை வெளியே நின்ற பெண்கள்தாம் போராடி வாங்கிக் கொடுத்தார்கள். லாரா தத்தாவுக்கு அன்று வாய்த்த சில விநாடிகளில் இதைச் சொல்ல நேரமில்லை.

அக்கா அஞ்சுவது வெறும் கற்பனையும் இல்லை. என் தோழி ஒருத்தி எனக்கு அடுத்த ஆண்டு வேறொரு போட்டிக்குப் போனாள். முதலில் பதிவுக் கட்டணம் என்றார்கள். பிறகு நடை, பேச்சு, ஒப்பனைப் பயிற்சிக்குக் குரூமிங் என்றார்கள், புகைப்படத் தொகுப்புக்குப் போர்ட்ஃபோலியோ என்றார்கள், உடைக்குத் தனியாக என்றார்கள். அவள் அப்பா நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் போன பிறகு, இறுதிச் சுற்றுக்கு நான்கு நாள் முன்பு, விளம்பரதாரர் ஒருவரோடு இரவு விருந்துக்குத் தனியாக வரவேண்டும் என்றார்கள். அவள் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பணம் திரும்பி வரவில்லை. பட்டினி கிடந்து மயங்கி விழுந்த பெண்களை நானே பார்த்திருக்கிறேன். வென்றவர்களுக்கும் விடுதலை இல்லை. 2021இல் மிஸ் யுனிவர்ஸ் ஆன ஹர்னாஸ் சந்து சற்று எடை கூடியதும் அவர் உடம்பை எத்தனை பேர் கேலி செய்தார்கள்! கோதுமையிலுள்ள புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் தனக்கு இருப்பதை அவர் வெளியே சொல்ல நேர்ந்தது. தன் உடம்புக்கு ஏன் விளக்கம் தர வேண்டும் என்று நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஆகையால் மறுநாள் அக்கா மகளை அழைத்து, நான் சில விஷயங்களைக் கறாராகச் சொன்னேன். நடத்துபவர்கள் யார், முந்தைய ஆண்டுகளில் கலந்துகொண்ட பெண்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்த பிறகுதான் பெயர் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்து, புரியாததை ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். வென்றால் எத்தனை ஆண்டு அவர்களிடம் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். கேட்கிற பணம் படிப்புச் செலவைத் தொடும் என்றால் விட்டுவிட வேண்டும். எந்தச் சந்திப்புக்கும் தனியாகப் போகக் கூடாது. செமஸ்டர் தேர்வைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றாள். பிறகு, "சித்தி, ஜெயிக்கலைன்னா உனக்கு வருத்தமா இருக்குமா?" என்றாள். நான் ஏழாவதோ எட்டாவதோ வந்த கதையை அவளுக்கு முதன்முறையாக முழுவதும் சொன்னேன். இருபது ஆண்டுக்குப் பிறகும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிற மூன்று தோழிகள் அந்தப் பின்மேடையில் ஊக்குகளையும் பவுடரையும் பகிர்ந்துகொண்டபோது கிடைத்தவர்கள் என்பதையும் சொன்னேன்.

சென்ற வாரம் கும்பகோணம் போயிருந்தேன். கூடத்தில் நாற்காலி ஒன்றைப் போட்டு, நான் கேள்வி கேட்க, அவள் நின்று பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அக்கா அடுக்களையில் வேலையாக இருந்தாள். பாத்திரச் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது. அரை மணி நேரம் கழித்துச் சத்தம் நின்றது. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். மகள் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி முடித்ததும், "நகரு, நான் ஒண்ணு கேக்கறேன்" என்று என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கைப்பேசியை வாங்கி முப்பது விநாடி வைத்தாள்.

"உங்கம்மா பிளஸ் டூல பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்கு. ஆனா காலேஜுக்குப் போகலை. அதைப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

மகள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் கண்கள் தரைக்குப் போகவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது விநாடியும் அப்படியே கழிந்து கைப்பேசி மணி அடித்தது. அக்கா அதை நிறுத்தினாள்.

"பரவாயில்லை, யோசிச்சுச் சொல்லு" என்று மறுபடியும் முப்பது விநாடி வைத்தாள்.